ஏழைப் பிள்ளை கண்ட இயற்கைக் கணக்கு
அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் வாழ்க்கை வரலாறு



நம்ம லயத்து வீட்டுக் கூரையிலே ஒரு சோடி மைனா கூடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நாலு குஞ்சு. ஒன்றுகூடச் சாகவில்லை. குஞ்சுகளும் அடுத்த வருடமே சோடி சேர்ந்து, சோடிக்கு நாலு குஞ்சு பொரிக்கின்றன. மாணவர்களே, பென்சிலை எடுங்கள். முதல் வருடக் கடைசியில் 6. இரண்டாம் வருடம் 18. மூன்றாம் வருடம் 54. நாலாம் வருடம் 162! இப்படியே போனால் நாம் குடியிருக்க வீட்டில் இடம் இருக்குமா?

ஆனால் நடப்பது என்ன? தாத்தா காலத்திலும் கூரையிலே இரண்டு மூன்று சோடிதான். இன்றைக்கும் இரண்டு மூன்று சோடிதான். அப்படியானால் மிச்சம் எல்லாம் எங்கே போயிற்று?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பெரிய விடை கண்ட ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். காசில்லாமல் பதினாலு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் சரவாக்கிலும் காடு காடாக நடந்தவர். அவர்தான் ஆல்பிரட் ரசல் வாலஸ்.

பிறப்பும் வறுமையும்

வாலஸ் 1823-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். தகப்பனார் சட்டம் படித்தவர். ஆனால் தொழிலில் போட்ட முதலெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டது. குடும்பம் வாடகை குறைந்த வீடு தேடி ஊர் ஊராக மாறியது. பிள்ளைகளில் சிலர் சின்ன வயதிலேயே இறந்தும் போனார்கள்.

ஹார்ட்போர்டு என்ற ஊரில் வாலஸ் பள்ளிக்குப் போனார். கடைசி வருடம் சம்பளம் கட்ட வழியில்லை. அதற்கு ஈடாகக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கூடப் படிக்கிற பையன்கள் பார்க்க அப்படி நிற்பது அவருக்கு மிகுந்த கூச்சமாக இருந்தது. பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. படிப்பு நின்றது.

லண்டனில் தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த அண்ணனிடம் கொஞ்ச நாள் இருந்தார். மாலை நேரங்களில் தொழிலாளர்களுக்கென்று நடந்த கூட்டங்களுக்கும் சொற்பொழிவுகளுக்கும் போவார். அடுத்து, நிலம் அளக்கும் வேலையில் இருந்த மூத்த அண்ணன் வில்லியமோடு சேர்ந்துகொண்டார். அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வேல்ஸ் மலைப்பக்கமெல்லாம் நடந்தார். ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பணக்காரர்கள் வளைத்து வேலி போட்டதையும், ஏழைக் குடியானவர்கள் நிலமின்றித் தவித்ததையும் அங்கே கண்ணால் கண்டார். இது அவர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது.

வழியில் பார்க்கும் செடிகளின் பெயர் தெரியவில்லையே என்று ஒரு மலிவுப் புத்தகம் வாங்கினார். அதுவே அவருக்குத் திறந்த முதல் கதவு.

நூலகமும் வண்டும்

1844-ல் லெஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தார். அந்த ஊர் நூலகத்தில் அவருக்கு இரண்டு செல்வங்கள் கிடைத்தன. ஒன்று, ஹென்றி பேட்ஸ் என்ற நண்பர். வண்டு பிடிப்பதில் பேட்ஸ் மகா கெட்டிக்காரர். ஒரே ஊரைச் சுற்றி ஆயிரம் வண்டு வகை இருக்க முடியும் என்று அவர் சொல்லக் கேட்டு வாலஸ் வியந்து போனார்.

மற்றொன்று, மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1798-ல் முதன்முதலாக வெளியிட்ட ஒரு நூல். மக்கள் தொகை இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று பெருகப் பார்க்கிறது. உணவோ இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்றுதான் ஏறுகிறது. ஆகவே பஞ்சமும் நோயும் போரும் வந்து மக்கள் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்பது அந்த நூலின் சாரம். வாலஸ் அதைப் படித்தார், மூடி வைத்தார். அந்த விதை முளைக்கப் பதினாலு ஆண்டுகள் ஆயின.

நடுக்கடலில் நெருப்பு

1848-ல் வாலசும் பேட்சும் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். வண்டு, பட்டாம்பூச்சி, பறவை எல்லாம் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி, அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் செல்வர்களுக்கும் விற்று, அந்தக் காசில் சாப்பிடுவது என்று ஏற்பாடு. நாலு வருடம் வாலஸ் காட்டிலே கிடந்தார். துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட்டை மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

1852-ல் ஊர் திரும்பினார். ஆகஸ்டு 6-ஆம் நாள் நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்துக்கொண்டது. நாலு வருட உழைப்பின் பெரும்பகுதி கண்ணெதிரே எரிந்து சாம்பலானது. சில படங்களும் குறிப்புகளும்தாம் மிஞ்சின. திறந்த படகிலே பத்து நாள் வெயிலில் காய்ந்து கிடந்து, வேறொரு கப்பலால் உயிர் பிழைத்தார். லண்டன் முகவர் 200 பவுனுக்குக் காப்புறுதி செய்து வைத்திருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? போதுமடா சாமி என்று உட்கார்ந்திருப்போம். வாலஸ் இரண்டே வருடத்தில் மறுபடியும் கப்பல் ஏறினார். இந்த முறை நம்ம பக்கம்!

நம் மண்ணில் வாலஸ்

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அப்போது வயது 31. புக்கிட் தீமா மலையில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இடத்தில் தங்கினார். சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிப் போட்ட இடங்களில் வண்டு தேடினார். சுமார் இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகள் கிடைத்தன. காட்டிலே புலி பிடிக்கத் தோண்டிய குழிகள் வேறு. எந்தப் பள்ளத்தில் விழுவோமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

பிறகு மலாக்கா சென்றார். அங்கே காய்ச்சலில் விழுந்து கொயினா மருந்தால் எழுந்தார். குனோங் லேடாங் மலையில் ஏறினார். அதன்பின் சரவாக். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே இருந்தார். அங்கேதான் அலி என்ற மலாய் இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமையல், படகு, பறவை சுடுவது, தோல் உரித்துப் பதப்படுத்துவது என்று எல்லாம் கற்றுக்கொண்டு வாலசுக்கு வலக்கை ஆனவர் இந்த அலி. உலகம் புகழும் அந்தச் சேகரிப்பில் அலியின் உழைப்பு நிறைய இருக்கிறது. இதை நாம் மறக்கக்கூடாது.

சரவாக்கில் வாலஸ் பத்துக்கும் மேற்பட்ட ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். அந்தக் காலத்தில் அதைத் தவறென்று யாரும் நினைக்கவில்லை. தாயை இழந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்தார். பால் கிடைக்காத இடம். கஞ்சித் தண்ணீரில் சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் கலந்து கொடுத்தார். மூன்று மாதம் போல உயிரோடு இருந்து அந்தக் குட்டி இறந்துபோயிற்று. போர்னியோவில் தாய் ஓராங் ஊத்தான் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பது இன்று நமக்குத் தெரியும். மெதுவாகப் பெருகும் உயிர் ஒன்றைக் கொன்றால் அந்த இடம் நிறையப் பல காலம் ஆகும்.

காய்ச்சலில் பிறந்த கணக்கு

1858 சனவரியில் வாலஸ் மொலுக்காஸ் தீவுகளில் ஒன்றான தெர்னாத்தேக்கு வந்தார். பிப்ரவரியில் அவருக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. வெளியே சரியான வெயில். இவரோ கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெடவெட என்று நடுங்கினார். நம்ம தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனதே மலேரியா, அதே மாதிரி முறைக் காய்ச்சல்தான்.

படுக்கையில் கிடந்தபோது, லெஸ்டர் நூலகத்தில் என்றைக்கோ படித்த மால்தஸ் நினைவுக்கு வந்தார். பஞ்சமும் நோயும் மனிதர் தொகையைத் தடுக்கின்றன என்றால், விலங்குக்கும் பறவைக்கும் அதே கதைதானே? அவை நம்மைவிட எத்தனையோ வேகமாகப் பெருகுகின்றனவே! அப்படியானால் வருடந்தோறும் எத்தனை கோடி உயிர்கள் மடிய வேண்டும்? மடிவது எவை, பிழைப்பது எவை?

காய்ச்சல் விட்ட அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். அடுத்த இரண்டு மாலைகளில் கட்டுரையை முடித்தார். நாம் முதலில் போட்ட மைனாக் கணக்கு மாதிரி ஒன்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஒரு சோடிப் பறவை வருடத்துக்கு நாலு குஞ்சாக, வாழ்நாளில் நாலே முறை பொரித்தாலும், ஒன்றும் சாகாவிட்டால் 15 வருடத்தில் ஏறக்குறைய ஒரு கோடி ஆகிவிடும் என்று காட்டினார். ஆனால் எந்த நாட்டிலும் பறவைகள் அப்படிப் பெருகவில்லை. ஆகவே எத்தனை பிறக்கின்றனவோ, ஏறக்குறைய அத்தனையும் வருடா வருடம் மடிந்தே ஆக வேண்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். ஓர் இனம் நிறைய இருப்பதற்குக் காரணம் அது நிறையக் குட்டி போடுவது அன்று. அதற்குத் தடையில்லாமல் உணவு கிடைப்பதே. காட்டுப் பூனையைப் பாருங்கள். குட்டி நிறையப் போடும்; விரோதியும் குறைவு. பிறகு ஏன் முயல் அளவுக்குப் பூனை இல்லை? முயலுக்குப் புல் எங்கும் இருக்கிறது. பூனைக்கு இரை இன்று கிடைக்கும், நாளை கிடைக்காது. வட அமெரிக்காவில் அந்நாளில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா இடுவதோ ஒரு முட்டை, மிஞ்சினால் இரண்டு. ஆனாலும் அது கோடி கோடியாக இருந்தது. காரணம், எத்தனை தூரமும் பறந்து போய் இரை தேடும் வலிமை அதற்கு இருந்தது.

இடர் வரும்போது முதலில் விழுவது நோயாளியும், பலம் குறைந்ததும், வேகம் இல்லாததும். சூழ்நிலைக்கு ஏற்ற சிறு வேறுபாடு உள்ளவை பிழைக்கும். அந்த வேறுபாடு பிள்ளைகளுக்கும் போகும். இப்படியே பல காலம் நடந்து புதிய இனங்கள் தோன்றும் என்பது அவர் முடிவு.

டார்வினும் வாலசும்

கட்டுரையை இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினுக்கு அஞ்சலில் அனுப்பினார். 1858 ஜூன் 18-ல் அதைப் பிரித்த டார்வின் திகைத்துப் போனார். அவரும் 1838-ல் அதே மால்தசைப் படித்து, அதே முடிவுக்கு வந்து, இருபது ஆண்டுகளாக எழுதிக்கொண்டு இருந்தார்! நண்பர்கள் ஏற்பாட்டின்படி 1858 ஜூலை 1-ஆம் நாள் இருவர் எழுத்தும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. இது வாலசுக்கு அப்போது தெரியாது. அவர் தீவுகளில் பூச்சி தேடிக்கொண்டிருந்தார். மறு வருடம் டார்வினின் பெரிய நூல் வந்தது. புகழ் டார்வினுக்குப் போயிற்று. வாலஸ் பொறாமைப்பட்டாரா? இல்லை. 1889-ல் தாம் எழுதிய நூலுக்கே டார்வினியம் என்று பெயர் வைத்தார். 1869-ல் வெளியான மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலையும் டார்வினுக்கே காணிக்கை ஆக்கினார்.

1862-ல் அவர் ஊர் திரும்பியபோது எட்டு வருட உழைப்பில் சேர்ந்தவை 1,25,660 உயிரின மாதிரிகள். அவற்றில் 83,200 வண்டுகள்!

செம்பனைத் தோட்டத்தில் வாலஸ் கணக்கு

இன்றைய உயிரியலார் இந்தக் கணக்கை இன்னும் விரித்திருக்கிறார்கள். பெல்ஜியம் நாட்டுக் கணித மேதை வெர்குல்ஸ்ட் 1838-லேயே அதற்கு ஒரு சூத்திரம் எழுதி வைத்திருந்தார். ஓர் இனம் புதிய இடத்துக்கு வந்தால் முதலில் மெதுவாக, பிறகு மளமளவென்று பெருகும். கூட்டம் கூடக் கூடத் தலைக்குக் கிடைக்கும் தீனி குறையும். நோய் சுலபமாகத் தொற்றும். விரோதிகள் தேடி வரும். வேகம் தணிந்து, அந்த இடம் எவ்வளவு தாங்குமோ அந்த அளவை ஒட்டி நிற்கும். இதைத் தாங்குதிறன் என்கிறோம்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடம் முழுவதும் பழம் இருந்தால் எலிக்குத் தினமும் கல்யாணச் சாப்பாடுதான். அது பெருகாமல் என்ன செய்யும்? அதனால்தான் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். எலி இருந்தும் ஆந்தை ஏன் முன்பு குறைவாக இருந்தது? கூடு வைக்கப் பொந்துள்ள பெரிய மரம் இல்லை. அதற்குத் தடை தீனி அன்று, வீடு! பெட்டி வைத்தால் ஆந்தை பெருகும். ஆந்தை பெருகினால் எலி அடங்கும். ஆந்தை அலறினால் ஆகாது என்று கல் எறிகிறோமே, நம்ம தோட்டத்துக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன் அவன்தான்.

புறா சொன்ன செய்தி

வாலஸ் உதாரணம் காட்டினாரே பயணிப் புறா, அதன் முடிவையும் கேளுங்கள். ரயில் வந்தது, தந்தி வந்தது. புறாக் கூட்டம் எங்கே இறங்குகிறது என்று உடனே தெரிந்துகொண்டு வேட்டைக்காரர்கள் அங்கே போனார்கள். கூடு கட்டும் காடுகளும் வெட்டுப்பட்டன. கோடிக் கணக்கில் இருக்கிறதே, தீரவா போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாலஸ் 1913 நவம்பர் 7-ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். அதன்பின் பத்து மாதம் முடிவதற்குள், 1914 செப்டம்பர் 1-ஆம் நாள், உலகத்தின் கடைசிப் பயணிப் புறா அமெரிக்காவில் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் செத்து விழுந்தது. இறப்பு, பிறப்பை ஓயாமல் மிஞ்சினால் எத்தனை பெரிய கூட்டமும் கரைந்துவிடும். நிறைய இருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது.

மனிதருக்கு மட்டும் ஒரு வழி

வாலசின் பிற்காலத்திலும் பணக் கஷ்டம் தீரவில்லை. நிலையான உத்தியோகம் கிடைக்கவில்லை. டார்வின் முயற்சியால் 1881-ல் வருடம் 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைத்தது. 1908-ல் பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த விருதான ஆர்டர் ஆஃப் மெரிட் அவரைத் தேடி வந்தது. அவரிடத்தில் பிழையும் உண்டு. அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதினார். அந்தத் தடுப்பூசியாலேயே பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று 1980-ல் அறிவிக்கப்பட்டது. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

ஆனால் ஒன்றில் அவர் மிகச் சரியாக நின்றார். பலவீனர் சாவது இயற்கை, ஆகவே ஏழைகள் சாகட்டும் என்று அந்நாளில் சில படித்தவர்களே பேசினார்கள். ஏழைப் பிள்ளையாகப் பிறந்த வாலஸ் அதை ஒப்பவில்லை. ஏழையின் பசிக்குக் காரணம் அவன் குறை அன்று, நிலமும் செல்வமும் சிலர் கையில் முடங்கியதே என்று வாதாடினார். மனிதர் தொகையை அடக்கப் பஞ்சமும் நோயும் தேவையில்லை. பெண்களுக்குக் கல்வியும் சொந்தக் காலில் நிற்கும் வசதியும் கிடைத்தால், அவர்கள் பொறுத்துத் தக்க வயதில் மணம் செய்வார்கள், பெருக்கம் தானாகவே தணியும் என்று 1890-ல் எழுதினார்.

2022-ல் உலக மக்கள் தொகை 800 கோடியைத் தொட்டது. ஆனாலும் பெண் கல்வி பரவிய நாடுகளில் பிறப்பு விகிதம் குறைந்திருப்பதைக் காண்கிறோம். நம் வீடுகளையே பாருங்கள். பாட்டிக்குப் பத்துப் பிள்ளைகள். அதில் நாலைந்தைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! இன்று இரண்டு மூன்று பிள்ளை; எல்லாம் பிழைக்கிறது, பள்ளிக்கு வருகிறது. இயற்கையின் கொடிய கணக்கை மனிதன் அறிவாலும் அன்பாலும் மாற்றி எழுதலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவர்களே! பரிசு வாங்குகிறவர்களும் சரி, இந்த முறை வாங்காதவர்களும் சரி, வாலசை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருந்தவை ஒரு மலிவுப் புத்தகம், ஓர் ஊர் நூலகம், உற்றுப் பார்க்கும் இரண்டு கண்கள். அவ்வளவுதான். நாளைக் காலையில் கூரையிலே மைனாவை எண்ணிப் பாருங்கள். ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். அடுத்த வருடமும் எண்ணுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை படிப்பை, அதிலும் பெண் பிள்ளை படிப்பைக் காசில்லை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பதினாலு வயதில் படிப்பு நின்ற எத்தனையோ பிள்ளைகளில் ஒருவர்தான் வாலஸ் ஆனார். மற்றவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

வளர்க கல்வி! வாழ்க எல்லா உயிரும்!